தூத்துக்குடியில் ஐந்து நாள் நிபுணர்

எங்கள் நகர சபையில் என் வேலை படம் வரைவது. வடிகால், மதகு, பொதுக் கழிவறை, மயானத்து மதில் என்று எது கட்டினாலும் பொறியியலாளர் சொல்வதை நான் காகிதத்தில் கோடாக இழுப்பேன். கட்டடம் கோணலாக வந்தால் படம் பிழை என்பார்கள். நேராக வந்தால் படத்தைப் பற்றி எவரும் வாய் திறக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருடம் இப்படியே போனது. கொழும்புக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் சின்ன நகரம் எங்களுடையது. கொஞ்சம் கனத்த மழை பெய்தால் எங்கள் பேருந்து நிலையத்தில் வாத்து நீந்தும்.

இரண்டு நாடுகளுக்கும் இடையில் கடலில் எத்தனையோ சண்டை, சாக்கடையிலாவது ஒற்றுமை வரட்டும் என்று மேலிடத்தில் யாரோ நினைத்திருக்க வேண்டும். எங்கள் நகரமும் தூத்துக்குடியும் மழைநீர் வடிகால் அனுபவங்களைப் பரிமாறிக்கொள்வதாக ஒப்பந்தம் செய்யப் போவதாகவும், முதலில் எங்களில் நான்கு பேர் ஐந்து நாள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்றும் கடிதம் வந்தது. எங்கள் பொறியியலாளர் ஜயந்த மாத்தையா, அதாவது ஜயந்த ஐயா, சிங்களவர். மற்ற இருவரும் அப்படியே. தமிழ் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். ஆனால் நிபுணர்களுக்கு மட்டும்தான் அனுமதி. மாத்தையா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு விண்ணப்பத்தில் என் பெயருக்கு எதிரே ‘வடிகால் நிபுணர்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். நான் அந்த இலுப்பைப் பூவாகத் தூத்துக்குடியில் இறங்கினேன்.

புரட்டாசி வெயில். எங்கள் ஊர் வெயில் வியர்க்க வைக்கும், இந்த ஊர் வெயில் வியர்வையையும் காய வைத்துவிடுகிறது. சட்டையில் உப்புக் கோடு போட்டது. எங்களை வரவேற்க வந்தவர் செந்தில்வேல், நகர நிர்வாகத்தின் உதவிப் பொறியாளர். நாற்பது வயதிருக்கும், இரண்டு கைபேசிகள், இரண்டிலும் யாரோ அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு என்னை முதல் காரின் முன் இருக்கையில் ஏற்றினார். மாத்தையா பின் காரில் வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை அவருடைய காருக்கு முன்னால் நான் போனேன். அந்தச் சந்தோஷம்தான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

மாலையில் செந்தில்வேல் எங்களை நைட் கிளப்புக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். மாத்தையா பளபளப்பான சப்பாத்து போட்டு, வாசனை பூசி, கழுத்துப் பட்டியும் கட்டிக்கொண்டு வந்தார். போய் இறங்கிய இடத்தில் பெரிய தோசைக்கல், அதைச் சுற்றிப் புகை, பெஞ்சு, வாழையிலை. இந்த ஊரில் மாலையில் கடை விரிக்கும் பரோட்டாக் கடைக்கு அதுதான் பெயராம். மாத்தையா கழுத்துப் பட்டியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்து எட்டுப் பரோட்டா சாப்பிட்டார். சால்னாவில் முக்கி எடுத்த பரோட்டாவுக்கு எங்கள் ஊர் கொத்து ரொட்டி ஈடாகுமா என்று திரும்பும் வழியெல்லாம் சிங்களத்தில் விவாதம் நடந்தது. ஈடாகாது என்று தீர்ப்பு. நான் மட்டும் தேசபக்தியின் காரணமாக எதிர்த்து வாக்களித்தேன்.

மறுநாள் காலை வேலைத்தளம். தெருவின் பெயரை விட்டுவிடுகிறேன். ஊர் முடிந்து உப்பளம் தொடங்கும் பக்கம், தெருக்கோடியில் நின்றால் ஓலை போர்த்திய வெள்ளை உப்புக் குவியல்கள் தெரியும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய தார் மேலேயே போட்டதில் ரோடு உயர்ந்து, வீடுகளுக்குள் போக இரண்டு படி கீழே இறங்க வேண்டியிருந்தது. தெருவின் ஓரமாகப் புது வடிகால் திறந்து கிடந்தது. மூடுவதற்கான சிமெண்ட் பலகைகள் வார்க்கப்பட்டு எண் எழுதி அடுக்கியிருந்தன. தெரு முடிவில் பெரிய சாலை. அதற்கு அடியில் ஒரு பெரிய தொட்டி. சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு வடிகால் தொடங்கிக் கடலுக்குப் போகிறது. இந்தப் பக்கம் ஒரு நிர்வாகம், அந்தப் பக்கம் வேறொரு நிர்வாகம். இரண்டு பக்கமும் இரண்டு பெயர்ப்பலகைகள், ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்தபடி நின்றன.

வடிகாலை வரைந்து கொடுத்தவர்கள் இரண்டு வெளிக் கம்பெனிக்காரர்கள். அவர்களுடைய படங்களை என் கையில் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். தெரு வடிகாலின் அடிமட்டம் சாலைக்கு அடியில் எந்த உயர எண்ணில் முடிகிறதோ, அதே எண்ணில்தான் அடுத்த வடிகால் தொடங்கியது. கடைசி இலக்கம் வரைக்கும் ஒன்று. படம் வரைகிறவனுக்கு இதைவிட அழகான காட்சி கிடையாது. எங்கள் ஊரில் ஒரே அலுவலகத்தின் இரண்டு அறைகளில் இருந்து வரும் படங்களே ஒன்றோடொன்று பேசாது.

ஒரு நிருபர் வந்திருந்தார். இலங்கை நிபுணர் ஏதாவது சொல்ல வேண்டும் என்றார். மாத்தையா என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இப்படி ஒரு வடிகால் எங்கள் நாட்டில் இல்லை, இரண்டு நிர்வாகங்கள் ஒரே எண்ணில் கைகோத்து நிற்பதை இன்றுதான் பார்க்கிறேன், குறை சொல்ல ஓர் இடமும் இல்லை என்று மொழிந்தேன். கைதட்டினார்கள். நான் வடிகாலுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சப்பாத்து புதிது.

மூன்றாம் நாள் காலை எங்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள். மாத்தையா மனைவிக்கு முத்து வாங்கப் போனார். முத்துக்குளித்துறைக்கு வந்து முத்து வாங்காமல் போவதா என்ற நினைப்பு அவருக்கு. கடைக்காரர் நேர்மையான மனிதர். இது ஐதராபாத்தில் இருந்து வந்தது சார் என்று சொல்லியே விற்றாராம்.

நான் மக்ரூன் வாங்கக் கிளம்பினேன். முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சீனியும் சேர்த்துச் செய்யும் இந்த ஊர்த் தின்பண்டம் வாயில் வைத்ததும் இல்லாமல் போய்விடுகிறது. ஆட்டோ எதற்கு, உள்ளூர் ஆள் மாதிரி பஸ்ஸில் போவோம் என்று ஏறினேன். என் பக்கத்தில் காளி உட்கார்ந்திருந்தார். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டியவர், கறுப்பு மை, சடை, நாக்கு எல்லாம் இருந்தன, கையில் டிக்கெட்டும் இருந்தது. கொஞ்சம் தள்ளி உட்காருமாறு காளி கேட்டுக்கொண்டார். தள்ளினேன். சன்னல் காற்றில் தூங்கிவிட்டேன். விழித்தபோது பஸ் ஊரைத் தாண்டித் திருநெல்வேலி ரோட்டில் புதுக்கோட்டை என்ற சிற்றூரில் நின்றது. காளி எப்போதோ இறங்கிவிட்டிருந்தார்.

இறங்கி ஒரு டீக்கடையில் வடை வாங்கினேன். முந்தின நாளைய மாலைப் பேப்பரில் வைத்துக் கொடுத்தார்கள். வடையை எடுத்ததும் அடியில் நான் இருந்தேன். எண்ணெயில் ஊறி முகம் ஒரு மாதிரி பளபளத்தது. ‘குறை சொல்ல இடமில்லை: இலங்கை நிபுணர் பாராட்டு.’ கடைக்காரரிடம் காட்டலாமா என்று ஆசையாக இருந்தது. அவர் வேலையாக இருந்ததால் என் முகத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பிப் போக ஓர் ஆட்டோ கிடைத்தது. ஓட்டுநர் பெயர் ஜெரால்டு என்று கண்ணாடியில் எழுதியிருந்தது. கண்ணாடி வழியே இரண்டு மூன்று தடவை என்னைப் பார்த்தார். பிறகு நீங்கள்தானே பேப்பரில் வந்த சிலோன்காரர் என்று கேட்டார். நான் அடக்கத்தோடு ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஆட்டோ என் ஹோட்டல் பக்கம் போகவில்லை. கேட்டதற்கு, “ஒரு எட்டு எங்க தெருவுக்கு வந்துட்டுப் போயிருங்க சார், அங்கன ஒங்களப் பாக்கணும்னு காத்துக் கெடக்காவ” என்றார். பாராட்டு விழாவாக இருக்கும் என்று நினைத்துத் தலையை வாரிக்கொண்டேன்.

அதே தெருதான். பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள், பெரும்பாலும் பெண்கள். மாலை எவர் கையிலும் இல்லை. நடுவில் நின்றவர் முத்துக்கனி. ஐம்பதை நெருங்கும் வயது. உப்பளத்து வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, பாதமெல்லாம் உப்பு அரித்து வெடிப்பு. அவர் என்னைத் திட்டவில்லை. வீட்டுக்குள் வரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அவருடைய வீட்டுக்காரர் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்.

கணவர் பால்துரை. துறைமுகத்தில் சுமை தூக்கியவர், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து ஐந்து வருடமாகிறது. கட்டிலின் நான்கு காலுக்கும் அடியில் செங்கல் அடுக்கியிருந்தது. சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. போன பெருமழையில் தண்ணீர் நின்ற அடையாளம். செங்கல்லையும் தாண்டிக் கட்டிலில் ஏறியிருக்கிறது. பக்கத்து மீனவர் ஊரான தருவைகுளத்தில் இருந்து பைபர் படகைக் கொண்டுவந்து தெருவுக்குள் ஓட்டி, நாலு பேர் அவரைப் பாயோடு தூக்கிப் படகில் போட்டிருக்கிறார்கள். ஒன்பது நாள் கழித்துத்தான் தண்ணீர் இறங்கியது. பால்துரை வாய் கோணச் சிரித்தபடி, “எங்க வம்சத்துல யாரும் கடலுக்குப் போனதில்ல சார், கடலுதான் வீட்டுக்குள்ள வந்துட்டு” என்றார். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் நான் தண்ணீரைக் குடித்தேன்.

பிறகு முத்துக்கனி என்னை வடிகால் முடியும் இடத்துக்குக் கூட்டிப்போனார். அன்று எட்டிப் பார்க்காத இடத்தை இன்று எட்டிப் பார்த்தேன். தொட்டியின் வாயில் பச்சைத் தண்ணீர் நின்றது, கொசு மொய்த்தது. போன மாதம் ஒரு தூறல் விழுந்ததாம், அந்தத் தண்ணீர்தான் இன்னும் நிற்கிறதாம். வேலை முடியாததால் நிற்கிறது, முடிந்தால் போய்விடும் என்று பதில் வந்திருக்கிறது. மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லித் தெருவே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டு நிபுணரே பார்த்துவிட்டுக் குறை இல்லை என்று சொன்ன பிறகு என்ன மனு என்று நேற்று அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். சட்டைப்பையில் என் முகம் எண்ணெயோடு நெஞ்சில் ஒட்டியது.

“முப்பது வருசமா பாத்திக்குப் பாத்தி தண்ணி மாத்தி விடுதவ நான்” என்றார் முத்துக்கனி. “ஒரு விரக்கட ஏத்தம் இருந்தாலும் காலு சொல்லிரும். அங்கன உள்ள ஏறிக் கெடக்கு. வெள்ளிக்கெழமை பலகையப் போட்டு மூடப் போறாவ. மூடிட்டா அப்பறம் யாரு தொறப்பா? ஐப்பசி பொறக்கப் போவுது. இவியள இன்னொரு வாட்டி படகுல தூக்கிப் போட எனக்குத் தெம்பு இல்ல சார். மூடுததுக்கு முன்னால தண்ணி விட்டுப் பாக்கச் சொல்லுங்க. அது போதும்.”

நான் உண்மையைச் சொன்னேன். நான் நிபுணன் இல்லை அக்கா, படம் வரைகிறவன், என் பேச்சை எங்கள் ஊரிலேயே ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்றேன். இந்தப் பயணத்தில் நான் சொன்ன முதல் உண்மை அது. அவர் அதை ஏற்கவில்லை. “பேப்பர்ல போட்டிருக்கு” என்றார். ஜெரால்டு என்னை ஹோட்டலில் இறக்கிவிட்டு, எவ்வளவு சொல்லியும் காசு வாங்காமல் போனார். வாங்கியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அறைக்குப் போய் இரண்டு படங்களையும் கட்டிலில் விரித்தேன். பொறியியலாளர்கள் படத்தின் நடுவைப் பார்ப்பார்கள். வரைகிறவன் மூலையைப் பார்ப்பான், அவன் பெயர் அங்கேதான் இருக்கும். தெரு வடிகால் படத்தின் மூலையில், பெயருக்குக் கீழே, எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. உயரங்களை எந்த அடையாளக் கல்லில் இருந்து அளந்தார்கள் என்ற குறிப்பு. தெருவுக்குப் பக்கத்தில் துறைமுகத்தார் நட்ட கல் அது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கப்பல்காரர்களுக்குக் கடல் எவ்வளவு வற்றும் என்பதுதான் கவலை. அதனால் கடல் ஆகக் கீழே வற்றும் மட்டத்தை அவர்கள் பூச்சியம் என்று வைத்துக்கொள்வார்கள். தரையில் ரோடு போடுகிறவர்களுக்குக் கடலின் நடுமட்டம்தான் பூச்சியம். இரண்டு பூச்சியங்களுக்கும் இடையில் இந்தக் கரையில் முழங்கால் உயரம் இருக்கலாம். தெரு வடிகாலைக் கப்பல்காரர் பூச்சியத்தில் அளந்திருக்கிறார்கள், அடுத்த வடிகாலைத் தரைக்காரர் பூச்சியத்தில் என்று அதன் படத்து மூலை சொன்னது. எண் ஒன்றுதான், ஆனால் தெருப்பக்கம் முழங்கால் உயரம் கீழே கிடக்கிறது. துறைமுகம் இல்லாத ஊரில் இந்தப் பிழையைச் செய்ய ஆசைப்பட்டாலும் செய்ய முடியாது. முத்துக்கனியின் கால் சொன்னது சரி. நான் பார்த்து மயங்கிய அந்த அழகான பொருத்தம்தான் பிழை.

மாத்தையாவிடம் ஓடினேன். அவர் முத்துகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார், படத்தையும் பார்த்தார். நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்றார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: “விருந்துக்குப் போன வீட்டில் சட்டியின் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும். ஊருக்குப் போய் மரியாதையாக ஒரு கடிதம் எழுதுவோம்.” வெள்ளிக்கிழமைதான் பலகையும் போடுகிறார்கள் என்றேன். அவர் முத்துகளைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

வியாழக்கிழமை கூட்டம். நீளமான மேசை, ஆளுக்கொரு பெயர்ப்பலகை, ஒரு தட்டு மக்ரூன். எத்தனை துறைகள் என்று எண்ணிப் பார்த்து ஏழில் விட்டுவிட்டேன். ரோடு ஒருவருடையது, ரோட்டுக்கு அடியில் போகும் குழாய் இன்னொருவருடையது, குழாய் போய்ச் சேரும் நிலம் மூன்றாமவருடையது. ஒவ்வொருவரும் எழுந்து ஒருங்கிணைப்பைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கைபேசியைப் பார்த்ததில் மட்டும் ஒருங்கிணைப்பு இருந்தது. எங்கள் சபையிலும் இதே கூட்டம்தான், மக்ரூனுக்குப் பதில் மீன் பொதிந்த மாலுபாண்.

என் முறை வந்தது. படத்தை எடுத்து விரிக்க வேண்டும், மூலையைக் காட்ட வேண்டும், நேற்று முன்தினம் நான் உளறினேன் என்று சொல்ல வேண்டும். எழுந்து நின்றேன். எல்லா முகங்களும் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தன. மாத்தையா என்னைப் பார்த்து மிக மெதுவாகத் தலையை இடமும் வலமும் அசைத்தார். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் உட்காரவும் முடியவில்லை, பால்துரையின் கட்டிலுக்கு அடியில் இருந்த செங்கல் கண்ணுக்குள் நின்றது. வாய் தானாகவே ஒரு பொய்யைச் சொன்னது.

“எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு” என்றேன். “புது வடிகாலை மூடுவதற்கு முன்னால் அதில் தண்ணீர் விட்டு, விருந்தாளி கையால் ஒரு பூவை மிதக்க விடுவோம். பூ கடல் பக்கம் போய்ச் சேர்ந்தால் ஊருக்கு நல்லது. நாளைக்கு எங்கள் பொறியியலாளர் கையால் அதைச் செய்ய அனுமதி கிடைத்தால் பாக்கியம்.”

மாத்தையா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எங்கள் ஊரில் வடிகாலில் மிதப்பது என்னவென்று அவருக்கும் எனக்கும் தெரியும். ஆனால் மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கு முகம் மலர்ந்தது. வழக்கம் என்று சொல்லிவிட்டால் இந்தக் கரையில் அதற்கு மறுபேச்சு இல்லை. உடனே தண்ணீர் லாரி யாருடையது என்று இரண்டு நிர்வாகங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. இருவரும் நாங்கள்தான் கொடுப்போம் என்றார்கள். கடைசியில் லாரி ஒருவர், பூ ஒருவர் என்று முடிவாகிக் குறிப்பில் ஏறியது. ஐந்து நாளில் நான் கண்ட, நிர்வாகங்களுக்கிடையிலான உண்மையான ஒத்துழைப்பு அதுதான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் செந்தில்வேல் என்னைத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நிசமாகவே அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று கேட்டார். இனிமேல் உண்டு என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். “அந்தத் தொட்டிமேல எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு சார். எண்ணு சரியா இருக்குன்னு மேல சொல்லுதாவ, நான் என்னத்தச் சொல்ல?” என்றவர், ஒரு கைபேசியை எடுத்து லாரிக்காரரிடம் ஒரு குடம் போதாது, முழு லோடு வேண்டும் என்று சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை தெருவே கூடிவிட்டது. மேளம்கூட வந்திருந்தது, யார் சொன்னார்கள் என்று தெரியாது. அதிகாரிகள் சாலைக்கு அந்தப் பக்கம் பன்னீர்ச் செம்போடு பூவை வரவேற்கக் காத்திருந்தார்கள். நாங்கள் தெருவின் மேல்பக்கம். லாரியைத் திறந்தார்கள். தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. மாத்தையா ஒரு பெரிய மஞ்சள் செவ்வந்தியை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து மிதக்க விட்டார். இருபது வருடமாகச் செய்து பழகியவர் போலவே இருந்தது. அவரிடம் இப்படி ஒரு திறமை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பூ போனது. சனம் கூடவே ஓடியது. அழகாக ஆடிக்கொண்டு சாலையடித் தொட்டிக்குள் நுழைந்தது. கைதட்டினார்கள். செந்தில்வேல் கைபேசியில் அந்தப் பக்கத்தைக் கூப்பிட்டு வந்துவிட்டதா என்று கேட்டார். வரவில்லை என்றார்கள். மேளம் இன்னும் வேகமாக அடித்தது. மறுபடி கேட்டார். ஈரம்கூட வரவில்லை என்றார்கள். அப்போது தொட்டியின் வாயில் தண்ணீர் பொங்கி நின்று, செவ்வந்தி வெளியே வந்தது. வந்த வழியே, அவசரமில்லாமல், எங்களை நோக்கித் திரும்பி வந்தது. மேளக்காரர் முதலில் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

முத்துக்கனி அடுக்கியிருந்த பலகைகளின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை, நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று கேட்கவுமில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். அதைப் பார்த்த பிறகுதான் என் நாக்கு விடுபட்டது. படங்களைப் பலகைமேல் விரித்து மூலையைக் காட்டினேன். இரண்டு பூச்சியங்களைப் பற்றிச் சொன்னேன். ஒரு பெரிய அதிகாரி என்னிடம், நிபுணர் சார் இதை நேற்றே பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தேன், சொல்லப் பயந்தேன், அன்று தளத்தில் பார்க்காமலே பாராட்டினேன், நான் நிபுணனும் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பலகைமேல் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் பன்னீர்ச் செம்போடு கடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு படங்களையும் இரண்டு பக்கத்தாரும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தது அன்றுதான் என்று செந்தில்வேல் என் காதில் சொன்னார்.

பலகை போடவில்லை. மாலையில் ஒப்பந்தம் மட்டும் கையெழுத்தானது. ‘இலங்கை வழக்கப்படி மலர் மிதக்கவிடும் முறையைப் பின்பற்றலாம்’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. இரண்டு அரசாங்கங்களின் முத்திரையோடு என் பொய் இப்போது கோப்பில் கிடக்கிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் என் மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஊருக்குத் திரும்பியதும் மாத்தையா ஓர் உத்தரவு போட்டார். நம்முடைய வழக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம், ஒரு தடவையாவது செய்து புகைப்படம் எடுத்து அனுப்பாவிட்டால் மரியாதை இல்லை. மீன் சந்தைப் பக்கம் போன வருடம் கட்டிய வடிகாலைத் தேர்ந்தெடுத்தார். அது ஏற்கெனவே பலகை போட்டு மூடியது. இரண்டு முனையிலும் ஒரு பலகையைக் கிளப்பித் தண்ணீர் விட்டு, நான் ஒரு நித்தியகல்யாணியைப் போட்டேன். அது போன இடம் தெரியவில்லை. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. மாத்தையா புகைப்படம் எடுத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார். நான் அலுவலகத்துக்குப் போய் அந்த வடிகாலின் படத்தை எடுத்து மூலையைப் பார்த்தேன். அளந்தது மீன்பிடித் துறைமுகத்துக் கல்லில் இருந்து, அது போய்ச் சேரும் வடிகாலோ தரைக்காரர் பூச்சியத்தில். கீழே என் பெயர், என் கையெழுத்து. படத்தைச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி பாதியில் ஒரு காலை முத்துக்கனி கைபேசியில் கூப்பிட்டார். பின்னால் மழைச் சத்தம் கேட்டது. தொட்டியை உடைத்து மட்டத்தைச் சரிபண்ணிவிட்டார்கள், பலகை பாதித் தெருவுக்குத்தான் போட்டிருக்கிறது என்றார். “ரெண்டு நாளா ஊத்துது. நேத்து சாயங்காலம் தெருவுல முட்டளவு ஏறிட்டு. விடியதுக்குள்ள வடிஞ்சிட்டு சார். வாசப்படி நனஞ்சுது, உள்ள வரல. இவிய கட்டில்ல கெடந்து வேடிக்க பாத்தாவ.” வாழ்க்கையில் நான் கோடு இழுத்த எதற்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் எங்கள் ஊர் வடிகாலைப் பற்றி அவரிடம் உளறினேன். நித்தியகல்யாணி போனதையும், துறைமுகக் கல்லையும், படம் என்னுடையது என்பதையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

“மூடியாச்சா?” என்று கேட்டார்.

மூடியாச்சு அக்கா என்றேன்.

“அந்தத் தெருவுல கட்டில்ல கெடக்குதவிய யாரும் உண்டுமா சார்?”

எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெருவின் ஒவ்வொரு வீட்டையும் சதுரமாக வரைந்தவன் நான், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. எங்கள் பக்கமும் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அலமாரியைத் திறந்து படத்தை எடுத்தேன், குடையை எடுத்துக்கொண்டு மீன் சந்தைப் பக்கம் நடந்தேன். தெரு முனையில் இருந்த முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.